பல்கலைக்கழக மாணவர்களிடம் ஹெபடைடிஸ் பி: வினாத்தாளில் எதைக் கேட்பது?

கயல்_ஆய்வு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். பல்கலைக்கழக மாணவர்களிடம் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று எவ்வளவு இருக்கிறது, அதற்கான ஆபத்துக் காரணிகள் எவை என்பதுதான் ஆய்வேட்டின் தலைப்பு. 400 பேரை எடுக்கத் திட்டம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், உடனே முடிவு காட்டும் ரேபிட் கிட்டில் ஹெச்பிஎஸ்ஏஜி (வைரஸின் மேற்புறப் புரதம்) சோதனை, கூடவே இரண்டு பக்க வினாத்தாள்.

வினாத்தாளில் இப்போது 14 காரணிகள் இருக்கின்றன. பச்சை குத்தியது, காது மூக்கு குத்தியது, ரேசர் பகிர்ந்தது, ரத்தம் ஏற்றியது, அறுவை சிகிச்சை, பல் பிடுங்கியது, ஊசி வழி போதை, பாதுகாப்பில்லாத உடலுறவு, துணைகளின் எண்ணிக்கை என்று போகிறது. பாசிட்டிவ் ஒரு பக்கம், நெகட்டிவ் ஒரு பக்கம் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஆட்ஸ் ரேஷியோ (அந்தக் காரணிக்கும் தொற்றுக்கும் எவ்வளவு தொடர்பு என்ற கணக்கு) போடலாம் என்று எண்ணம். வழிகாட்டி பார்த்துவிட்டுச் சரி என்றார். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்ப இன்னும் 3 வாரம் இருக்கிறது. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

---

சோதனைக்குழாய்

ஆய்வகத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். வினாத்தாளைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் சோதனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஹெச்பிஎஸ்ஏஜி மட்டும் பார்த்தால், அந்த வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். எப்போதோ வந்து தானாகப் போனவர்கள் அதில் நெகட்டிவ். தடுப்பூசி போட்டவர்களும் நெகட்டிவ். ஒன்றுமே இல்லாமல், பாதுகாப்பும் இல்லாமல் இருப்பவர்களும் நெகட்டிவ். மூன்று வகை ஆட்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறீர்கள்.

முடிந்தால் மூன்று சோதனை செய்யுங்கள். ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-ஹெச்பிஎஸ், ஆன்டி-ஹெச்பிசி. பின்னிரண்டும் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள், அதாவது ஆன்டிபாடிகள். மூன்றாவது ரொம்ப முக்கியம். உண்மையான வைரஸ் உடம்புக்குள் நுழைந்திருந்தால்தான் அது வரும், தடுப்பூசியால் வராது. ஆன்டி-ஹெச்பிஎஸ் மட்டும் இருந்தால் தடுப்பூசி வேலை செய்திருக்கிறது. அதோடு ஆன்டி-ஹெச்பிசியும் இருந்தால் நோய் வந்து ஆறியிருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 18 வயது தாண்டிய எல்லோரும் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2023-ல் பரிந்துரை செய்தது.

ரேபிட் கிட் பற்றி இரண்டு வார்த்தை. ரத்தம் விட்டதும் பட்டையில் சிவப்பு ஊறிக்கொண்டே மேலே ஏறும். முதலில் கட்டுப்பாட்டுக் கோடு பளிச்சென்று வரும். சோதனைக் கோடு சிலருக்குப் பென்சிலால் லேசாக இழுத்தமாதிரி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். புதிதாகச் செய்பவர்கள் அதை நெகட்டிவ் என்று எழுதிவிடுவார்கள். மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். கிட்டில் சொன்ன நேரத்துக்குள் படித்துவிடுங்கள், காய்ந்த பிறகு பார்க்காதீர்கள். பாசிட்டிவ் என்று தெரிந்த எதையும் எலைசா என்ற ஆய்வகச் சோதனையில் உறுதி செய்யாமல் மாணவரிடம் சொல்லவேண்டாம். தடுப்பூசி போட்ட சூட்டோடு வருபவர்களையும் கவனியுங்கள். ஊசி போட்ட பிறகு சுமார் 18 நாள் வரைகூட ஹெச்பிஎஸ்ஏஜி பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம்.

---

கயல்_ஆய்வு

அண்ணா, மிக்க நன்றி. மூன்று சோதனைக்கு நிதி போதுமா என்று பார்க்க வேண்டும். ஒரு சந்தேகம். என் கேள்வி ஆபத்துக் காரணிகளைப் பற்றியது. இப்போது தொற்று உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் போதாதா?

---

ஈரல்நல_மருத்துவர்

போதாது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது நான் தினமும் வெளிநோயாளிப் பிரிவில் பார்க்கும் தவறு.

இந்த வைரஸ் எந்த வயதில் நுழைகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து வந்தால், 100 குழந்தைகளில் 90-க்கும் மேல் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். ஐந்து வயதுக்குள் வந்தால் சுமார் 30 பேருக்குத் தங்கும். வளர்ந்த பிறகு வந்தால் 5 பேருக்கும் குறைவு. மற்ற 95 பேருக்கும் ஆறு மாதத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். அவர்களில் பலருக்கு ஒரு அறிகுறிகூட இருக்காது. சிலருக்கு மஞ்சள் காமாலை வந்து போகும்.

இதை உங்கள் 400 பேர் மேல் வைத்துப் பாருங்கள். 20 வயது மாணவர் ஒருவருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ். அவர் அதைப் போன வருடம் பச்சை குத்தியபோது வாங்கினாரா, பிறந்த அன்று வாங்கினாரா? பெரும்பாலும் பிறந்த அன்றோ சிறு வயதிலோதான். ஆனால் உங்கள் வினாத்தாளில் அம்மாவைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. பிறந்த ஆண்டைக்கூடக் கேட்கவில்லை. போன நான்கு வருட வாழ்க்கையை மட்டும் துருவித் துருவிக் கேட்டிருக்கிறீர்கள்.

மறுபக்கம், கல்லூரிக் காலத்தில் உடலுறவாலோ ஊசியாலோ புதிதாகத் தொற்று வந்தவர்களில் பெரும்பாலானோர் நீங்கள் சோதிக்கும் நாளில் நெகட்டிவ் ஆகியிருப்பார்கள். அவர்கள் ஆன்டி-ஹெச்பிசியில்தான் தெரிவார்கள். நீங்கள் தேடும் ஆபத்துக் காரணிக்கு ஆளானவர்களையே நெகட்டிவ் கூடையில் போட்டுவிட்டு, பாசிட்டிவ் கூடையோடு ஒப்பிடுகிறீர்கள். ஏன் பொருந்தவில்லை என்று பிறகு தலையைச் சொறிய வேண்டிவரும்.

எண்ணிக்கையும் இடிக்கும். பேச்சுக்கு 100-க்கு 2 பேர் பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். 400-ல் 8 பேர். எட்டு பேரை வைத்து 14 காரணிகளுக்கு ஆட்ஸ் ரேஷியோ போட்டால், எட்டில் இரண்டு பேர் தற்செயலாகப் பல் பிடுங்கியிருந்தாலே பல் மருத்துவர் குற்றவாளி ஆகிவிடுவார்.

பிறந்த ஆண்டை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், எல்லா நாடுகளும் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்று 1992-ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது. 1997-க்குள் என்று இலக்கு. சில நாடுகள் முந்திக்கொண்டன, சில ரொம்பப் பிந்தின. தைவான் 1984-லேயே தொடங்கியது. அங்கே குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயே குறைந்தது. அதனால் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் 18 வயதுக்காரருக்கும், வேலைக்குப் போய்விட்டு 34 வயதில் படிக்க வந்தவருக்கும் பின்னணி வேறு வேறு. அதைக் கழிக்காமல் மற்ற எதையும் ஒப்பிட முடியாது.

---

தென்றல்77

டாக்டர் ஐயா சொல்வது புரிகிறது. ஆனால் இப்படிச் சொன்னால் பச்சை குத்துவதும் ரேசர் பகிர்வதும் ஆபத்தே இல்லை என்று பசங்க எடுத்துக்கொள்ள மாட்டார்களா? ஆணுறை வேண்டாம் என்று நினைத்துவிட்டால்?

---

ஈரல்நல_மருத்துவர்

நல்ல கேள்வி. ஆபத்து நிஜம்தான். இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். ரேசர் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் காய்ந்த ரத்தத்திலும் இருக்கும். பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சரியாகக் கிருமி நீக்காத பச்சை ஊசி, போதைக்கோ உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்டீராய்டுக்கோ மாற்றி மாற்றிப் போடும் ஊசி, ஆணுறை இல்லாத உடலுறவு எல்லாமே வழிகள்தான். வளர்ந்தவருக்கு வந்தால் 100-க்கு 95 பேருக்குப் போய்விடும் என்றேன். ஆனால் மிகச் சிலருக்கு அந்த முதல் தாக்குதலிலேயே கல்லீரல் செயலிழந்து உயிர் போகிறது. அதையும் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. எது ஆபத்து என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் பாசிட்டிவ் வந்தவரைப் பார்த்து, நீ இதைச் செய்ததால்தான் வந்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

---

வெள்ளைச்சீருடை

செவிலியர் படிப்பு, இறுதியாண்டு. எங்கள் மாதிரி மாணவர்களுக்குத் தனிக் கேள்வி வேண்டும் என்று சொல்லத்தான் வந்தேன். என் கதையை எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் முதல் வார்டு பயிற்சி. ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட்டேன். போடக்கூடாது என்று வகுப்பில் பத்து முறை சொல்லியிருந்தார்கள். பயன்படுத்திய ஊசியைப் போடும் பெட்டி கட்டிலுக்கு மூன்று எட்டு தள்ளி இருந்தது, அதுவரை திறந்த ஊசியோடு நடக்கப் பயம். மூடி வழுக்கி, ஊசி இடது கட்டைவிரலில் ஏறிவிட்டது. வலியே இல்லை. கையுறைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி மெதுவாகப் பெரிதாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மதிப்பெண் குறைப்பார்களோ என்று பயம். இரவு விடுதியில் தூக்கம் வராமல், மறுநாள் காலையில் சீனியர் அக்காவிடம் அழுதேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எனக்குத் தடுப்பூசி இரண்டு டோஸ்தான் ஆகியிருந்தது. மூன்றாவது விடுமுறை நேரத்தில் வந்ததால் விட்டுப்போயிருந்தது. அந்தப் பெரியவரின் சோதனை நல்லவேளை நெகட்டிவ்.

எத்தனை முறை ஊசி குத்தியது என்று மட்டும் கேட்காதீர்கள். குத்தியதை யாரிடமாவது சொன்னீர்களா, எத்தனை மணி நேரத்தில் சொன்னீர்கள், சொல்லாவிட்டால் ஏன் என்றும் கேளுங்கள். எங்கள் வகுப்பில் அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு நிறையப் பேரிடம் பதில் இருக்கிறது.

---

ஈரல்நல_மருத்துவர்

அம்மா, இதை எழுதியதற்கு நன்றி. இழையைப் படிக்கும் மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், ஆய்வகப் படிப்பு மாணவர்கள் எல்லோரும் இதை மனதில் வையுங்கள். பாதுகாப்பு இல்லாத ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தத்தோடு ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி வர வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை. அந்த நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஒப்பீட்டுக்கு, எச்ஐவி 1,000-க்கு 3. எல்லோரும் எச்ஐவிக்குத்தான் நடுங்குகிறார்கள்.

குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம். உடனே சொல்லுங்கள். பாதுகாப்பு இல்லாதவருக்கு இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள ஆன்டிபாடி) ஊசியும் தடுப்பூசியும் 24 மணி நேரத்துக்குள் கிடைப்பது நல்லது. ஊசிக் காயத்துக்கு 7 நாள் தாண்டினால் இம்யூனோகுளோபுலினால் பெரிய பயன் இருப்பதாகத் தெரியவில்லை. நேரம் போகப் போக வாய்ப்பு நழுவுகிறது.

---

மூன்றாவது_டோஸ்

என் பெயரே என் பிரச்சினை. முதல் ஆண்டில் 0, 1 மாதம் என்று இரண்டு போட்டேன். ஆறாவது மாத ஊசி தேர்வு நேரத்தில் விட்டுப்போய் இப்போது இரண்டு வருடம் ஆகிறது. முதலிலிருந்து போடவேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். ஐந்து வருடத்துக்கு ஒரு பூஸ்டர் கட்டாயம் என்று இன்னொருவர். எதை நம்புவது?

---

சோதனைக்குழாய்

முதலிலிருந்து வேண்டாம் தம்பி. விட்ட மூன்றாவதை நாளைக்கே போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு முடிந்தது. முழுதாகப் போட்ட ஆரோக்கியமான ஆளுக்கு பூஸ்டரும் வேண்டாம். வருடங்கள் போகப் போக ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு, பாதுகாப்பின் எல்லையான 10 mIU/mL-க்குக் கீழே இறங்கலாம். ஆனாலும் உடம்புக்கு நினைவு இருக்கும். குறைந்தது 20 வருடம், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

மருத்துவத் துறை மாணவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம். கடைசி டோஸ் போட்டு 1 முதல் 2 மாதத்துக்குள் டைட்டர், அதாவது அந்த ஆன்டிபாடி அளவைப் பாருங்கள். 10-ம் அதற்கு மேலும் இருந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மறந்துவிடலாம். குழந்தையில் போட்டு இப்போது குறைவாகக் காட்டினால் ஒரு டோஸ் போட்டு மறுபடி பாருங்கள், பெரும்பாலும் ஏறிவிடும்.

கயல், இன்னொன்று. "தடுப்பூசி போட்டீர்களா?" என்ற கேள்விக்கு வரும் பதிலை அப்படியே நம்பாதீர்கள். மேல்கையில் இருக்கும் தழும்பைக் காட்டி ஆமாம் என்பார்கள். அது காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு. அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

---

பெயரில்லை_24

இந்தக் கணக்கை இதற்காகத்தான் தொடங்கினேன். எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் கல்லூரியில் ரத்த தான முகாம். எல்லோரையும் போல வரிசையில் நின்று கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அழைத்தார்கள். ஒரு மேசை, எதிரே ஒருவர், நான்காக மடித்த தாள். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பேரோடு பழக்கம்?" கயல், உங்கள் 9-வது கேள்வி அதேதான். படித்ததும் கை நடுங்கிவிட்டது.

எனக்கு அப்போது அப்படி யாரும் இல்லை. பச்சை இல்லை, போதை இல்லை. இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, நான் பொய் சொல்வதாகவே அவர் முகம் சொன்னது. ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏதோ செய்து மறந்துவிட்டேனோ என்று இரவெல்லாம் யோசித்தேன். அறையில் கூட இருந்தவனிடம் சொன்னேன். மறுநாள் அவன் தட்டையும் டம்ளரையும் தன் அலமாரிக்கு மாற்றிவிட்டான். கோபம் இல்லை, அவனுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எட்டு மாதம் வீட்டில் சொல்லவில்லை. பிறகு வேறொரு மருத்துவர், "அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்த்தோம். அம்மாவுக்கு இருந்தது. அவருக்குக் கல்லீரல் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தது, ஒரு அறிகுறியும் இல்லாமல். இப்போது தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறார். அந்த முதல் நாளே அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தால் எட்டு மாதம் முன்னாலேயே தொடங்கியிருக்கலாம். தங்கைக்கு இல்லை. ஊசி போட்டாகிவிட்டது.

---

கயல்_ஆய்வு

மூன்று முறை படித்தேன். மன்னித்துவிடுங்கள். அந்த 9-வது கேள்வியை வேறொரு ஆய்விலிருந்து எடுத்து அப்படியே ஒட்டினேன். எதற்கு இந்தக் கேள்வி என்று யோசிக்கவே இல்லை.

---

விடுதி_அறை_12

பெயரில்லை நண்பரே, எழுதியதற்கு நன்றி. நானும் ஒரு நண்பனோடு அறை பகிர்கிறேன், அவனுக்கும் இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே தெரியாததால் கேட்கிறேன். எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது?

---

ஈரல்நல_மருத்துவர்

தட்டு, டம்ளர், சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, படுக்கை எல்லாம் பகிரலாம். கட்டிப்பிடிப்பது, கைகுலுக்குவது, இருமல், தும்மல் எதிலும் பரவாது. ரேசர், பிரஷ், நகவெட்டி மட்டும் அவரவருக்குத் தனி. இது நோய் இல்லாத இரண்டு பேருக்கும் பொருந்தும். அடிபட்டு ரத்தம் சிந்தினால் கையுறை போட்டு, பிளீச் கலந்த தண்ணீரில் துடைக்கவேண்டும். நீங்கள் மூன்று டோஸ் போட்டு டைட்டரும் வந்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

உங்கள் நண்பருக்கும் பெயரில்லைக்கும்: மாத்திரை இப்போது தேவைப்படாவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல் சோதனையை விடாதீர்கள். மது வேண்டாம். வேறு எந்த நோய்க்காவது நீண்ட நாள் ஸ்டீராய்டோ புற்றுநோய் மருந்தோ கொடுக்க வந்தால், எனக்கு இது இருக்கிறது என்று அந்த மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தூங்கும் வைரஸ் அப்போது விழித்துக்கொள்ளும். டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் நல்ல மருந்துகள். வைரஸை முழுதாக வெளியேற்றாது, ஆனால் கட்டிப்போட்டுவிடும்.

---

வெள்ளைச்சீருடை

எங்கள் வகுப்பில் ஒரு பெண் சோதனைக்கே பயப்படுகிறாள். பாசிட்டிவ் வந்தால் படிப்பை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று.

---

ஈரல்நல_மருத்துவர்

இந்தத் தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவம், பல் மருத்துவம், அறுவை சிகிச்சை படிப்பதையோ செய்வதையோ தடுக்கக்கூடாது என்று சிடிசி 2012-லேயே தெளிவாகச் சொன்னது. ரத்தக் காயம் நேரக்கூடிய சில குறிப்பிட்ட அறுவைச் செயல்களுக்கு மட்டும் வைரஸ் அளவைக் கண்காணித்துக் கீழே வைத்திருக்க வேண்டும். மருந்தால் அது முடிகிறது. ஒவ்வொரு இடத்தின் விதியும் வேறாக இருக்கலாம், எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தெரியாமல் இருப்பதுதான் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து. 2022 கணக்குப்படி உலகில் 25 கோடிக்கும் மேற்பட்டோர் இதோடு வாழ்கிறார்கள். சோதனையால் தெரிந்துகொண்டவர்கள் அதில் சுமார் 13 சதவீதம்தான்.

---

கயல்_ஆய்வு

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். வழிகாட்டியிடம் இந்த இழையை அச்செடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் பேசினோம்.

மாறியவை: 400 பேருக்கும் மூன்று சோதனை. நிதி போதாததால் ரேபிட் கிட்டை விட்டுவிட்டு, ஒரு ஆய்வகத்தோடு சேர்ந்து மொத்தமாக எலைசா செய்கிறோம். ஹெச்பிஎஸ்ஏஜிக்கு ஆட்ஸ் ரேஷியோ போடுவதை விட்டுவிட்டேன். எத்தனை பேருக்குப் பாதுகாப்பே இல்லை என்பது இப்போது முதன்மைக் கேள்வி. கல்லூரிக் காலப் பழக்கங்களை ஆன்டி-ஹெச்பிசியோடு மட்டும் ஒப்பிடுவேன், அதுவும் பிறந்த ஆண்டையும் தடுப்பூசி அட்டையையும் கணக்கில் எடுத்த பிறகுதான். துணைகளின் எண்ணிக்கை போய்விட்டது. அந்தரங்கக் கேள்விகளை மாணவரே தனியாகத் தாளில் குறித்து உறையில் போடுவார், நான் பார்க்க மாட்டேன். ஊசி குத்தியது பற்றி வெள்ளைச்சீருடை சொன்ன நான்கு கேள்விகளும் சேர்ந்துவிட்டன. பாதுகாப்பு இல்லாதவர் எல்லோருக்கும் தடுப்பூசி போட சுகாதார மையம் ஒப்புக்கொண்டது. மூன்றாவது டோஸ் தேதி விடுமுறையில் விழாதபடி பார்த்துக்கொள்கிறோம்.

பாசிட்டிவ் வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் தடுமாற்றம். பெயரில்லை, உங்களால் முடிந்தால் இந்த வரிகளைப் பாருங்கள்:

"உங்களுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இது பிறக்கும்போதோ சிறு வயதிலோ, அவர்களுக்கே தெரியாமல் வருகிறது. நீங்கள் வகுப்புக்கு வரலாம், சேர்ந்து சாப்பிடலாம், விடுதியில் இருக்கலாம். அடுத்து என்ன சோதனை, எந்த மருத்துவர் என்பதை இன்றே முடிவு செய்துவிடலாம். உங்கள் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொண்டார்களா?"

---

பெயரில்லை_24

நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். அம்மாவைப் பற்றிய கேள்விக்கு முன்னால், "இதில் அம்மாவின் தவறும் எதுவும் இல்லை" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கள் அம்மா இன்னும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

---

கயல்_ஆய்வு

சேர்த்துவிட்டேன். நாளை காலை நெறிமுறைக் குழுவுக்குப் போகிறது.